நல்ல தண்ணீர் கேட்ட விஷமூங்கில்

எங்கள் நைனா இல்லாமல் ஒரு வருடம் ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் அவருடைய மகளின் வணக்கம். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நான் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நைனா பிறந்து வளர்ந்தது பழவேற்காட்டு ஏரிக்கரையில் இதே குப்பத்தில்தான். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து வலை பிடித்தவர். ஏரியில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று வைத்திருக்கும் முறையை நாங்கள் பாடு என்போம். பசித்துக் கிடந்த நாளிலும் நைனா அடுத்தவர் பாட்டில் இறங்கியதில்லை.

அம்மா காலமான வருடம், அவர் பிறந்த காட்டூர் வீட்டுக் கொல்லையிலிருந்து நைனா விஷமூங்கில் என்ற பூச்செடியின் கிழங்கு ஒன்றைத் தோண்டி வந்து, எங்கள் கிணற்றடியில் பூவரச மரத்து நிழலில் நட்டார்.

“பேர்லயே விஷத்த வச்சிக்கினு கீது, இத்தப் போயி ஊட்ல வைக்கிற? வெயிலே உழாத எடத்துல இன்னா பூக்கும்?” என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

“அவ ஊட்டாண்ட நெழல்லதான் பூத்துச்சி” என்றார் நைனா.

இலைகள் என் இடுப்பளவு வளர்ந்தன. கறுப்பும் மஞ்சளுமாக வரும் புழுக்களை நைனா காலையில் கையாலேயே பொறுக்குவார். வருடங்கள் போயின. பூ மட்டும் வரவில்லை.

பிறகு பக்கவாதம் வந்து நைனா கட்டிலில் விழுந்தார். “இனிமே செடி உன் பாடும்மா. தெனம் ஒரு கொடம் நல்ல தண்ணி ஊத்து” என்றார். நல்ல தண்ணீர் தெருமுனைக் குழாயில்தான் வரும்.

பகலெல்லாம் நண்டு உரிக்கும் ஷெட்டில் நின்று வேலை. வந்தால் நைனாவுக்குத் துடைப்பதும் ஊட்டுவதும் துவைப்பதும். எனக்கு அலுத்துவிட்டது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கொல்லைக் கிணற்றில் உப்புத் தண்ணீர். அதில் ஒரு வாளி இறைத்து ஊற்றிவிடுவேன்.

“ஊத்தினியா?”

“ஊத்திட்டேன் நைனா.”

“நல்ல தண்ணியா?”

“நல்ல தண்ணிதான்.”

தினமும் இதே கேள்வி, இதே பொய். இலை ஓரம் பழுத்தபோது பயந்துபோனேன். செடி செத்தால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

செடி சாகவில்லை. ஒரு நாள் தண்டு கிளம்பி, கொத்தாக வெள்ளைப் பூ விரிந்தது. அக்கம்பக்கத்தார் கட்டிலோடு தூக்கி நைனாவைக் கொல்லை வாசலில் வைத்தார்கள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு, “உப்புத் தண்ணிக்கே பூத்துச்சே” என்றார்.

“உனக்குத் தெரியுமா நைனா?”

“கெணத்து ராட்டினம் தெனம் கத்துது. எனக்குக் காதுகூடவா பூட்ச்சி?”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

“என்னையும் பாக்குற, செடியையும் பாக்குற. ரெண்டு பாட்டையும் ஒருத்தியே பாத்தா நீ இன்னாதான் பண்ணுவ?”

அவர் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பூக்கள் வாடிய சில நாட்களில் நைனாவும் போய்விட்டார்.

கட்டில் தூக்கியவர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்த அத்தைக்கும், ஷெட்டில் என் வேலையையும் சேர்த்துச் செய்த பெண்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். செடியைச் சுற்றிக் கன்றுகள் வந்திருக்கின்றன. வேண்டியவர்கள் எடுத்துப்போய் நிழலில் நடுங்கள்.

ஒரு வருடமாகத் தெருமுனையிலிருந்துதான் குடம் சுமக்கிறேன். இன்னும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ராட்டினம் கத்துவதில்லை, நைனா.