தலையணைக்கு அடியில் கம்பி நார்

கெஞ்சிக் கேட்கிறேன், இதை எங்கள் வீட்டில் யாருக்கும் காட்டிவிடாதீர்கள்.

அப்பா வாங்கிய காருக்கு இன்று கட்டுகஸ்தோட்டைக் கோயிலில் பூஜை. கண்ணாடியெல்லாம் சந்தனம் காய்ந்திருந்தது. அண்ணன் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரோடு வந்தான்.

"கண்ணாடி கீறிரும்ணே. ஈரத்துணியப் போட்டு ஊற விடு."

"பெரிய மெக்கானிக்கு! போடி."

அவன் வாளி எடுக்கப் போனதும் நாரை ஒளித்துவிட்டேன். அவன் அதைத் தேடி அலைவதற்குள் சந்தனத்தை ஊறவைத்து, மெதுவாகத் துடைத்து முடித்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

அப்பா வந்து பார்த்தார். "அடடே, என்னமா தொடச்சிருக்கான் மகன்!"

அண்ணன் என் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

இப்போது அம்மா நாரைத் தேடுகிறார். எடுத்தவள் நான் என்று தெரிந்தால் போன் பறிபோகும். பாராட்டு அவனுக்கு, திட்டு மட்டும் எனக்கா? நீங்களே நியாயத்தைச் சொல்லுங்

ஐயோ, கதவைத் தட்டுகி