நாலாம் வரிசை, இடது இருக்கை

காலை ஆறு நாற்பது. நன்றாக விடிந்துவிட்டது. இருட்டில் கண் ஏமாந்தது என்று யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லை. இதில் எதையும் கூட்டவில்லை. அந்தக் கேளிக்கைப் பூங்காவின் ரோலர் கோஸ்டர் மேடையில் அன்று நின்ற மூன்று பேரில் இரண்டு பேர் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். மூன்றாவது ஆள் வேலையை விட்டுவிட்டார். இது அவருக்கு நடந்தது.

ரோலர் கோஸ்டரில் ஆள் ஏறி உட்கார்ந்ததும் மடிமேல் இறங்கும் கம்பியை அமுக்கிப் பூட்டுவது அவர் வேலை. அதனால் அமுக்கண்ணன் என்று பேர். பூங்காவில் அவருடைய சொந்தப் பேர் சம்பளம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் கை எதையோ அமுக்கிக்கொண்டே இருக்கும் என்று அவர் மனைவி சொல்லுவாள்.

கம்பி பல் பல்லாக இறங்கும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு 'டக்'. காலி இருக்கையில் அடிமட்டம்வரை போகும். ஆள் இருந்தால் மடியில் தட்டி நிற்கும். போதுமான பற்கள் விழுந்தால் வரிசை ஓரத்தில் பச்சை விளக்கு எரியும். எரியாவிட்டால் அந்த ஆள் இறங்க வேண்டும். எடைதான் பிரச்னை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ரயில் எவ்வளவு எடையையும் தாங்கும். கம்பி இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் சரியாகப் பதிய வேண்டும், அவ்வளவுதான். தொடை பெருத்த விளையாட்டு வீரர்களையும் அவர் இறக்கிவிட்டிருக்கிறார். "இறங்கிடுங்க சார்." நாள் முழுவதும் இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கே தன் குரல் அலுத்துப்போயிருந்தது.

அந்தக் காலைக்கு ஐந்து மாதம் முன்பு அதே வார்த்தையைத் தங்கையிடம் சொல்ல வேண்டி வந்தது. தங்கைக்குக் கனத்த உடம்பு. ஒரு பல்தான் குறைந்தது. அவள் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தாள். மறுபடி அமுக்கிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. பின்னால் நின்ற வரிசையில் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மகள், தன் கம்பியையும் திறக்கச் சொன்னாள். தாயும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். அன்றிலிருந்து தங்கை அவர் போனை எடுப்பதில்லை.

அந்தக் காலைக்கு முந்தின வாரம் நாலாம் வரிசையை மட்டும் கழற்றிவிட்டுப் புது இருக்கைகள் இரண்டு பொருத்தினார்கள். பருத்த உடம்புக்காரர்களுக்கென்றே செய்தவை. அடி அகலம், முதுகு ஆழம். கம்பி தள்ளி நின்று இறங்கும். பெல்ட் நீளம். அதே மாதிரி ஒன்றை நுழைவிடத்தில் ஒரு தடுப்புக்குப் பின்னால் வைத்தார்கள். யாரும் பார்க்காமல் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். மேடைவரை வந்து அவமானப்பட வேண்டாம். அவர் தன் மருமகளை, தங்கையின் மகளை, பிடித்துத் தூது விட்டார். பிள்ளைக்காக வருகிறேன் என்று தங்கையிடமிருந்து பதில் வந்தது. உனக்காக இல்லை என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தாள்.

அவள் வரப்போவது அன்றைக்குத்தான். முதல் ரயிலில்.

காலைச் சோதனைக்காக ஒவ்வொரு கம்பியாக அமுக்கிக்கொண்டு வந்தார். எல்லாம் அடிமட்டம்வரை இறங்கின. நாலாம் வரிசை, இடது இருக்கை. டக். டக். டக். நின்றுவிட்டது.

விளக்கு பச்சை.

மறுபடி அமுக்கினார். இரும்பு இரும்பில் மோதினால் அவர் கைக்குத் தெரியும். இது அப்படி இல்லை. கொஞ்சம் உள்ளே போனது. பிறகு மெல்ல மேலே எழும்பியது. மறுபடி தாழ்ந்தது. மூச்சு விடுகிற வயிற்றின்மேல் கம்பி அப்படித்தான் அசையும். அந்த அசைவை நாளெல்லாம் கையில் வாங்குகிறவர் அவர்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் வந்து திறந்து பார்த்தான், எண்ணெய் விட்டான், ஒரே அமுக்கில் கம்பி அடிவரை போனது. அவர் அமுக்கினால் மூன்றாவது பல்லில் நின்றது. அவன் அமுக்கினால் போனது.

"கம்பிக்கும் உங்களப் பாத்து அலுத்துப்போச்சு போலண்ணே" என்றான்.

அவர் குனிந்து இருக்கையைப் பார்த்தார். ராத்திரிப் பனி எல்லா இருக்கைகளிலும் முத்து முத்தாக நின்றிருந்தது. அந்த ஒன்று மட்டும் காய்ந்திருந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தூக்கம் போதவில்லை, வீட்டுக்குப் போ என்பார்கள். தூக்கம் போதவில்லை என்பதும் உண்மைதான்.

காலி ரயிலை ஒரு சுற்று விட்டார்கள். காலி ரயில் மேட்டின் உச்சியில் தயங்கித் தயங்கித்தான் விழும். அன்று தயங்கவில்லை. கண்ணாடி அறையில் பொத்தான் அமுக்கும் பெண் தலையை வெளியே நீட்டி, ஆள் ஏற்றிய மாதிரி வருகிறதே என்றாள். மெக்கானிக் சக்கரம், பிரேக், பூட்டு என்று எல்லாவற்றையும் இன்னொரு தடவை சோதித்தான். எதிலும் குறை இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இருக்கை செய்த தொழிற்சாலைக்குச் செய்தி அனுப்பினான். வலது இருக்கை எப்போதும்போல் வேலை செய்தது. இடதை இன்றைக்கு யாருக்கும் தரவேண்டாம் என்று முடிவானது. மெக்கானிக்கே கம்பியை அடிமட்டம்வரை இறக்கி, வெறும் இருக்கைமேல் பெல்ட்டையும் மாட்டினான். பெல்ட் துவண்டு கிடந்தது.

நாலாம் வரிசையை முழுதாக மூடியிருக்கலாம். மூடினால் தங்கையைத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டாவது தடவை.

பத்து மணிக்குத் தங்கை வந்தாள். அவரைப் பார்க்காமல், வலது இருக்கையைக் காட்டி, இதுதானா என்று பொதுவாகக் கேட்டாள். பக்கத்தில் உட்கார முடியாத கோபத்தில் மருமகள் முன்வரிசையில் ஏறினாள். அன்றைக்கு முதல் ரயிலில் எல்லாம் பெண்களும் பிள்ளைகளும்தான்.

தங்கையின் கம்பியைப் பிடித்து மெல்ல அமுக்கினார். டக். டக். டக். டக்.

பச்சை.

அவள் கம்பியைத் தடவிப் பார்த்தாள். வாயை இறுக்கி வைத்திருந்தாள். ஆனால் கண் சிரித்துவிட்டது.

அப்போதுதான் அவர் பக்கத்து இருக்கையைப் பார்த்தார்.

கம்பி மூன்றாவது பல்லில் நின்றிருந்தது.

காலையில் துவண்டு கிடந்த பெல்ட்... இறுகி இருந்தது. நடுவில் புடைத்து இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். தங்கை அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு அணைந்தது.

"என்னண்ணா? இந்தத் தடவையும் எறங்கணுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. களைப்பாகக் கேட்டாள். ஐந்து மாதத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு. முன்வரிசையிலிருந்து மருமகள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா."

தூக்கிய கையின் கட்டைவிரலை நிமிர்த்தினார். ரயில் கிளம்பியது.

சங்கிலி கடகடவென்று இழுக்க, ரயில் மேட்டில் ஏறியது. மெக்கானிக் போனைக் கையில் வைத்துக்கொண்டு படியேறி வந்தான். தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்களாம். மூன்றாவது பல்லா என்று அங்கே இருந்த பொறியாளர் இரண்டு தடவை கேட்டாராம். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாராம்.

அந்த இருக்கையை வரைபடத்தில் மட்டும் செய்யவில்லை. அளவுக்கென்று மிகவும் பருத்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். மாதக்கணக்கில் அவரை உட்காரவைத்து, எங்கே இடிக்கிறது, எங்கே அழுத்துகிறது என்று கேட்டுக் கேட்டுச் செதுக்கினார்கள். இடுப்பு, தொடை, தோள், எல்லாம் அவருடையது. அவர் உட்கார்ந்தால் கம்பி மூன்றாவது பல்லில் நிற்கும். வாழ்நாளில் எந்த ஊர் ரோலர் கோஸ்டரிலும் அவரை ஏற்றியதில்லை. சாப்பாட்டு இடைவேளையிலும் எழுந்திருக்க மாட்டார். இது எப்ப ஓடும், இது எப்ப ஓடும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம்.

"அப்புறம்?" என்றார் அமுக்கண்ணன்.

"அந்த இடது சீட்டுலயே உக்காந்திருந்திருக்காரு. தூங்குறாருன்னு விட்டுட்டாங்களாம். சாயங்காலந்தான் உசுரு இல்லன்னு தெரிஞ்சிருக்கு. அப்புறந்தான் அந்த சீட்டைப் பெட்டியில போட்டு இங்க அனுப்பியிருக்காங்க."

ரயில் உச்சியில் தயங்கவில்லை.

விழுந்தது.

பெண்களும் பிள்ளைகளும் அலறினார்கள். அந்த அலறலுக்கு அடியில்... ஒரு ஆணின் சிரிப்பு. அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த சிரிப்பு. மெக்கானிக்கும் கேட்டான். போனிலிருந்து வருகிறதோ என்று பார்த்தான். அழைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.

வளைவு.

இன்னொரு வளைவு.

ரயில் மேடைக்கு வந்து நின்றது. பொத்தான்காரி பூட்டைத் திறந்தாள். எல்லாக் கம்பிகளும் ஒரே நேரத்தில் எழும்பின.

ஒன்றைத் தவிர.

மருமகள் குதித்து இறங்கி ஓடி வந்தாள். எல்லோரும் இறங்கினார்கள். தங்கை இறங்கவில்லை. அவள் இடது கை பக்கத்து இருக்கையின் கம்பிமேல் இருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன. யாரோ மேலிருந்து அழுத்திப் பிடித்திருக்கிற மாதிரி.

அவள் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னொரு சுத்து போலாமான்னு கேக்குறாருண்ணா. கையை விடவே மாட்டேங்குறாரு. நான் என்ன சொல்ல?"