பதினோராம் வரி

ஒஸ்லோவின் புறநகரான மோர்டென்ஸ்ருட்டிலிருந்து காலை ஐந்து ஐம்பதுக்குப் புறப்படும் சுரங்க ரயிலின் முதற்பெட்டியில், கதவோரத்து இருக்கைகள் இரண்டும் ஏழு வருடங்களாகக் குகதாசனுக்கும் வரதராசாவுக்கும் உரியவை. ஒருவர் பிந்தினால் மற்றவர் தன் பையை வைத்து இடம்பிடிப்பார். 2005 ஜூன் மாதம் வரதராசா கடைசிப் பெட்டிக்கு மாறினார். குகதாசன் அதன் பிறகும் பக்கத்து இருக்கையில் பையை வைத்தபடியே பயணம் செய்தார்.

குகதாசன் ஒரு காலத்தில் டாக்சி ஓட்டியவர். 1996 தை மாதம் சுவீடனிலிருந்து திரும்புகையில், எல்லைக்கு அப்பால் அனுமதித்த வேகத்திலேயே இப்பால் நோர்வேக்குள்ளும் வந்து பிடிபட்டார். வேகத்தைக் குறைக்கச் சொன்ன பலகையைப் பனி மூடியிருந்தது. மறுநாளே போய் அந்தப் பலகையைப் படம் எடுத்தார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நோர்வே மொழியில் நான்கு முறையீடுகள் எழுதினார். நான்கும் தள்ளுபடியாயின. ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் போயிற்று, வேலையும் போயிற்று. அன்றிலிருந்து மருத்துவமனை ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. வீட்டு அலுமாரியில் பச்சைக் கோப்புகள் பதினான்கு. அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் பிரதியிலும், வலது மேல் மூலையில், ‘பதில்’ என்று பென்சிலால் எழுதி, எதிரே திகதிக்கு இடம் விட்டிருப்பார். பெரும்பாலானவற்றில் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது.

தனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக்கூடாது என்றுதான் வீதி விதிகளின் அட்டவணை ஒன்றை எழுதினார். கோடை விடுமுறையில் சுவீடனுக்குக் கார் ஓட்டிப் போகும் குடும்பங்களுக்கும், அங்கிருந்து வருவோருக்கும் உரியது. இடப்பக்கம் நோர்வே, வலப்பக்கம் சுவீடன், பதினேழு வரிகள். பகலிலும் விளக்கெரிய ஓடவேண்டும் என்பது இரண்டு நாட்டுக்கும் பொது. பனிக்காலத்தில் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை எந்தச் சில்லு பூட்டவேண்டும், குடித்தவர் எந்த அளவுக்கு மேல் ஓட்டக்கூடாது, எல்லாம் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிட்டு எழுதியவை. பதினோராவது வரி இது: ‘நோர்வேயில் வசிப்பவர், சுவீடன் இலக்கத்தகடு உள்ள காரை நோர்வேக்குள் ஓட்டக்கூடாது. உரிமையாளர் பக்கத்தில் இருந்தாலும் கூடாது.’

ஒஸ்லோத் தமிழர்களின் மன்றம் அதை முன்னூறு பிரதிகள் அச்சிட்டது. 2005 மே இரண்டாம் திகதி கைக்கு வந்த பிரதியில் பதினாறு வரிகளே இருந்தன. பதினோராவது வரி இருந்த இடத்தில் ஒரு பலசரக்குக் கடையின் விளம்பரம்.

குகதாசன் மன்றச் செயலாளர் ரவீந்திரனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, இடம் காணேல்லை. அதோட, விருந்தாளியின்ர காரைத் தொடாதை எண்டு நாங்கள் எழுதினால் சனம் சிரிக்கும். எங்கட ஆக்கள் வந்தவனையே ஓட்ட விடுறவை? சாவியை வாங்கித் தாங்கள்தானே ஓடுவினம்.”

“அதுக்குத்தான் தம்பி எழுதினனான்.”

“நீங்கள் அப்ப பொலிசிலையெல்லோ சேந்திருக்கவேணும்!” என்று சிரித்துவிட்டு ரவீந்திரன் வைத்துவிட்டார்.

மறுநாள் குகதாசன் மன்றத்துக்குப் பதிவுத் தபாலில் ஆட்சேபக் கடிதம் அனுப்பினார். பிரதியைக் கோப்பில் இட்டார்.

“கடிதத்தை விடுங்கோ. காணுற ஆக்களிட்டை வாயால சொல்லுங்கோவன்,” என்றாள் மனைவி பூமணி.

“மன்றம் அச்சடிச்சது, மன்றம்தான் திருத்தவேணும். நான் வாயால சொன்னா அதுக்கு என்ன ஆதாரம்?”

பத்து நாள் கழித்து நினைவூட்டல் கடிதம் ஒன்றும் போயிற்று. பதில் வரவில்லை.

மே இருபத்துநான்காம் திகதி யாழ்ப்பாணத்தில் வரதராசாவின் தாய் காலமானார். சுவீடனில் கார்ல்ஸ்டாட்டில் இருந்த தம்பி சிவானந்தன், இரவெல்லாம் நித்திரையில்லாமல் அழுத கண்ணோடு மூன்று மணிநேரம் கார் ஓட்டி வந்து சேர்ந்தார். அண்ணனும் தம்பியும் ஒஸ்லோவிலிருந்து ஒரே விமானத்தில் போவதாக ஏற்பாடு. தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் இளைய மகனான சிவானந்தன். வரதராசாவின் கார் திருத்தகத்தில் கிடந்தது. “நீ பின்னால படு, நான் ஓடுறன்,” என்று தம்பியின் சாவியை வாங்கினார். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த மன்றத்தின் தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதில் தடையொன்றும் இல்லை.

விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில் சுங்க அதிகாரிகள் மறித்தார்கள். ஓட்டியவரின் முகவரி ஒஸ்லோ, தகடு சுவீடன். விசாரணை முடியும்வரை காரும் அசையக்கூடாது, அவர்கள் இருவரும் போகக்கூடாது என்றார்கள். சாவு வீடு என்று சொன்னபோது தலையசைத்தார்கள். ஆனாலும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். விமானம் போய்விட்டது. அடுத்த பயணத்துக்கு இரண்டு நாள். ஊரில் அவ்வளவு நேரம் பிரேதத்தை வைத்திருக்க முடியவில்லை. சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான்.

‘குகதாசன்ர தாளை நம்பிப் போனவை’ என்று பக்கத்துப் புறநகரான ஹொல்ம்லியாவரைக்கும் கதை பரவியது. குகதாசனுக்கு ஊர் சொல்வது பொருட்டல்ல. வரதராசா ஒருவர் நம்பினால் போதும். முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடியும்வரை காத்திருந்து, கோப்போடு அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்.

வரதராசா உள்ளே விட்டார்; இருக்கச் சொல்லவில்லை.

“வரதா, நான் எழுதின தாள் இதுதான். பதினோராவது வரியைப் பார். வெட்டினது ரவீந்திரன்.”

வரதராசா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக வாசித்தார். அடுத்த தாளைப் புரட்டினார். அது ஆட்சேபக் கடிதம். தபால் ரசீதும் அதில் ஒட்டியிருந்தது.

“இது எப்ப எழுதினது?”

“மே மூண்டு. பதிவுத் தபால். பார், முத்திரை கிடக்குது.”

“அம்மா எப்ப மோசம் போனவ?”

குகதாசன் ரசீதின் முத்திரையிலிருந்து விரலை எடுத்தார்.

“மூண்டு கிழமை,” என்றார் வரதராசா. “ஒவ்வொரு நாள் விடியவும் எனக்குப் பக்கத்தில இருந்தனி. என்ர பல்லு வலியைப் பற்றிக் கதைச்சனாங்கள். உன்ர சலவை மிசின் பழுதானதைக் கதைச்சனாங்கள். அந்தத் தாளில ஒரு வரி இல்லை எண்டு உனக்குத் தெரியும். எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையேடா.”

“மன்றத்தின்ர பதில் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

வரதராசா தாள்களை ஒழுங்காக அடுக்கினார், குகதாசன் அடுக்குவதைப் போலவே, விளிம்புக்கு விளிம்பு பொருத்தி. கோப்பை மூடி நீட்டினார்.

“வைச்சிரு. ஒண்டும் துலையாமல் வைச்சிரு.”

வீட்டுக்கு வந்து குகதாசன் அந்தக் கடிதப் பிரதியை மேசையில் வைத்தார். மூலையில் ‘பதில்’ என்ற சொல்லும் வெற்றிடமும் இருந்தன. பென்சிலை எடுத்து அன்றைய திகதியை அதில் எழுதினார். பூமணி தேநீர் கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போயிற்று.

மறுநாட் காலை ரயிலில் அவர் பையை மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த நிலையத்தில் ஏறிய ஒரு பெண் அந்த வெற்றிருக்கையில் அமர்ந்தாள்.