நாலு விரல் உயரத்தில் குழாய்

என் அக்கா வீட்டுக்காரருக்கு மூக்குதான் மூலதனம். சிதம்பரத்தில் அவரும் நானும் கூட்டாக ஒரு பட்டறை வைத்திருந்தோம். கடலூர் குடிகாடு பக்கத்து கெமிக்கல் கம்பெனிகளில் காலியாகி, காயலான் கடைக்கு வரும் நீல டிரம்களை வாங்கி, கழுவி, குழாய் பொருத்தி, தண்ணீர் டிரம்மாக விற்பது தொழில். சோப்புத் தூள், புளி, கொதிக்கிற தண்ணீர் என்று மூன்று கழுவல். பிறகு மூடி போட்டு வெயிலில் நிறுத்துவோம். மத்தியானம் மாமா வந்து மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்ப்பார். துளி வாடை வந்தாலும் அந்த டிரம் ஓரமாகப் போய்விடும்.

"உங்க மூக்குக்கு அரசாங்க முத்திரை குத்தணும் மாமா" என்பேன்.

"குத்து மச்சான், வலிக்காம குத்து" என்பார்.

என் வேலை ஸ்டிக்கர் சுரண்டுவது. டிரம் வந்து இறங்கியதும் முதல் வேலை அதுதான். உள்ளே என்ன இருந்தது என்று எழுதிய ஸ்டிக்கரோடு நின்றால் வாங்க வருகிறவர்கள் மிரண்டு போவார்கள். தகட்டால் சுரண்டி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டால் எந்த டிரம்மில் எது வந்தது என்று எங்களுக்கே தெரியாது. எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். நானும் தப்பு என்று நினைத்ததில்லை.

சுனாமி வந்த அடுத்த வருஷம், கிள்ளைப் பக்கத்தில் தற்காலிகக் கொட்டகைகளில் இருந்த குடும்பங்களுக்காக, உதவி செய்ய வந்த ஒரு குழு நாற்பது டிரம் கேட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் லாரியில் தண்ணீர் வரும், பிடித்து வைக்க வேண்டும். மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பசங்கதான் மச்சான் தண்ணி மொள்ளுது. அவுங்க அப்பா அம்மா வேலைக்குப் போயிடுறாங்க. மேல ஏறி எட்டிப் பாத்தா தலகுப்புற உள்ள வுழுந்துடும்."

அதனால் குழாயைக் கீழே வைத்தார். ஒரேயடியாக அடியிலும் இல்லை. லாரித் தண்ணீரின் மண் அடியில் தங்கட்டும் என்று நாலு விரல் உயரம் விட்டுத் துளை போட்டார். சின்னக் கை திருகுகிற மாதிரி இளகலான குழாயாகத் தேடி வாங்கினார். மூடிக்குக் கொக்கி வைத்தார். இரும்பு ஸ்டாண்டின் ஒவ்வொரு காலையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, பிசிறு இருந்தால் அரம் போட்டார். எங்கக்காவைக் கட்டிய மனுஷன் என்பதற்காகச் சொல்லவில்லை, எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

அந்த லாட்டில் மூன்று டிரம்களில் மண்டையோட்டுப் படம் ஒட்டியிருந்தது. கண்ணால் பார்த்தேன். கை நிற்கவில்லை, சுரண்டிவிட்டேன். மாமா மூக்கு இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். கழுவி, காயவைத்து, எல்லா டிரம்மும் மூக்கிலும் தேறிவிட்டது. நாற்பதும் கிள்ளைக்குப் போயின, அதே லாட்டில் இரண்டு மிஞ்சின.

பத்து நாள் கழித்து, அக்கா பட்டறைக்குச் சோறு கொண்டுவந்தவள், அந்த இரண்டையும் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் செஞ்சு குடுக்குறீங்க, வூட்டுக்கு ஒண்ணு குடுத்தா என்னா? எனக்கும் மொள்ளாம கொழால புடிக்க ஈஸியா இருக்கும்."

மாமா சிரித்துக்கொண்டே ஒன்றை உருட்டினார்.

"வேணாம்க்கா" என்றேன். "எவர்சில்வர்ல பெருசா நானே வாங்கித் தரேன்."

வாய் தவறி வரவில்லை. என் அக்கா குடிக்கக் கூடாது என்று மனசு சொன்னது, வாய் சொல்லிவிட்டது. மாமா டிரம்மை நிறுத்தினார்.

"ஏன் வேணாம்?"

மண்டையோட்டைச் சொன்னேன்.

"ஏண்டா, உங்கக்காவுக்குன்னதும்தான் ஞாபகம் வந்துச்சா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மச்சான் என்று மட்டுமே கூப்பிட்டவர். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு அவரே, "வாடையே இல்லாத வெஷத்துக்கு மூக்கு என்னடா பண்ணும்? அத நான் யோசிச்சிருக்கணும்" என்றார். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எந்த மூன்று என்று தெரியாததால் நாற்பதையும் எடுத்தாக வேண்டும். மறுநாள் காலையில் கடலூரில் புது டிரம்கள் ஏற்றிக்கொண்டு டெம்போவில் கிள்ளைக்குப் போனோம். "ஒழுகுதுன்னு கம்ப்ளெய்ண்ட் வந்துச்சுன்னு சொல்லிடலாம் மாமா" என்றேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதல் கொட்டகையிலேயே ஒரு அம்மா டிரம்மைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றாள். "புள்ளைக்கு எட்டுற மாதிரி கொழா வச்சது இது ஒண்ணுதான். குடுத்துட்டுப் புடுங்க வந்துட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். ஒழுகல் கதையை விட்டுவிட்டேன்.

"இதுல முன்னாடி வெஷ மருந்து இருந்திருக்கலாம்மா. படம் ஒட்டியிருந்துச்சு. நான்தான் சுரண்டுனேன்."

அவள் உடனே கத்துவாள் என்று பார்த்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். "உங்க வூட்டுல இதுலதான் குடிக்கிறீங்களா?"

"இல்லம்மா. எங்கக்கா நேத்து கேட்டுச்சு. வேணாம்னுட்டேன்."

என் முகத்தையே பார்த்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளையின் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கித் தூர எறிந்தாள். அங்கே யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். உறுதியாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, ஸ்டிக்கரைத்தான் சுரண்டிவிட்டேனே.

அவளே குழாயைத் திருகினாள். தண்ணீர் மணலில் ஓடி, ஓடி, நின்றது. அடியில் நாலு விரல் மிச்சம் இருந்தது. மாமா மண்டியிட்டு டிரம்மைக் கட்டிப் பிடித்து, "அடியத் தூக்கு மச்சான்" என்றார்.

தூக்கினேன்.