தண்ணீரை நிறுத்து என்று வேண்டினேன்

வல்லக்கோட்டை முருகனை நம்பிப் பிழைக்கிற அத்தனை பேருக்கும் கோமதியின் வணக்கம்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. என் ஒரே தம்பி பாபு என் கண்ணெதிரே ஏரித் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தான். அவனைச் சீட்டோடு கட்டிப்போட்டிருந்தது நாங்கள் இருவரும் சேர்ந்து மாட்டிய பெல்ட்.

எங்கள் தொழிலைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஒரகடத்தில் எங்களுக்கு ஒரு ஷெட் இருக்கிறது, கார் சீட் வேலை. நான் முன்பு வல்லம் வடகாலில் ஒரு சீட் கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள். பாபு ஃபிட்டர். ரோட்டில் ஓட்டுகிற ஸ்போர்ட்ஸ் காருக்கு ரேஸ் சீட் வேண்டும் என்று வருகிறவர்களுக்குப் பழைய சீட்டைக் கழற்றிவிட்டு மாட்டித் தருவோம். அந்தச் சீட்டுக்கு ஹார்னஸ் என்று தனி பெல்ட் உண்டு. தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் தொடை நடுவிலிருந்தும் பட்டைகள் வந்து வயிற்றின் மேல் ஒரே வட்டப் பூட்டில் சேரும். பூட்டைத் திருகினால் எல்லாப் பட்டையும் ஒன்றாக விட்டுவிடும். திருகாவிட்டால் ஆள் எழுந்திருக்க முடியாது.

அன்றைக்கு வந்த வண்டி சிவப்பு, இரண்டே கதவு. மறைமலை நகரில் வேலை பார்க்கும் ஒருவருடையது. வேலை முடிந்து பூஜை போடாமல் எந்த வண்டியும் எங்கள் ஷெட்டைத் தாண்டாது. அன்று அவருடைய அம்மாவே தட்டோடு வந்துவிட்டார். ஸ்டியரிங்குக்குப் பொட்டு, கியருக்குப் பொட்டு. டிரைவர் சீட்டின் பூட்டைப் பார்த்ததும், "இது வட்டமா, சாமி மொகம் மாதிரி அம்சமா இருக்கே!" என்று சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். எனக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. ஈரம் காயாத அந்தப் பூட்டில் பட்டைகளைச் செருகிக்கொண்டு பாபு ஓட்டினான். பக்கத்துச் சீட்டில் நான்.

ட்ரையல் போகும்போது ஏசி போட மாட்டோம், கண்ணாடியை இறக்கிவிடுவோம். சீட்டுக்கு அடியில் கடகடவென்று ஏதாவது ஆடினால் காதில் விழ வேண்டுமே. மழை விட்ட வெயில் சுள்ளென்று அடித்தது. ஷிஃப்ட் விடுகிற நேரம் வேறு. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வெந்தோம். ஆனாலும் பாபுவுக்கு ஒரே குஷி.

"அம்மி மாதிரி உக்காந்துகீதுக்கா சீட்டு. ஆட்டமே இல்ல!"

"வாய வெக்காதடா, ரோட்டப் பாரு" என்றேன். கோயிலுக்கும் ஒரு நடை போய் வந்துவிடலாம் என்று வல்லக்கோட்டைப் பக்கம் திருப்பினான்.

ஏரிக்கரையில் ராங் சைடில் ஒரு பைக் வந்தது. புருஷன், பெண்டாட்டி, மடியில் குழந்தை. பாபு வண்டியை ஒடித்தான். அவர்கள் தப்பித்தார்கள். நாங்கள் சேற்றில் வழுக்கி, மூக்கு குத்திக்கொண்டு ஏரிக்குள் இறங்கினோம்.

என் பூட்டு திருகியதும் விட்டது. ஜன்னல் வழியாக எப்படி வெளியே விழுந்தேன் என்று எனக்கே தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் சுற்றிக்கொண்டு அவன் பக்கம் போனேன். அவன் கதவு சேற்றில் புதைந்து திறக்கவில்லை.

"இன்னாடா பண்ற? வெளிய வாடா!"

"பூட்டு திரும்ப மாட்டேங்குதுக்கா! கல்லா புட்சிக்கினு கீது!"

சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து இறுகிவிட்டது. பட்டையையாவது தளர்த்தலாம் என்றால், வண்டி குப்புறச் சாய்ந்ததில் அவன் உடம்பின் பாரம் முழுக்கப் பட்டையில் தொங்கியது. ஜன்னல் வழியே கையை விட்டு நானும் திருகினேன். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். கம்பெனி பஸ் ஒன்று நின்று ஆட்கள் இறங்கி ஓடி வந்தார்கள். அறுக்கக் கத்தி தேடி ஒருவர் ஓடினார். இன்னொருவர், "யம்மோவ், நீ இந்தாண்ட வந்துடு, வண்டி எறங்கிக்கினே போவுது!" என்று கத்தினார். நான் போகவில்லை. எப்படிப் போவேன்?

தண்ணீர் அவன் தொடையைத் தாண்டியது. "முருகா, தண்ணிய நிறுத்து. வேற எதுவும் கேக்கல. தண்ணிய மட்டும் நிறுத்து" என்று கதறினேன். அது நிற்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முருகனையும் விடவில்லை. "செவ்வாக்கெழம தவறாம வர்றேனே, உனக்குக் கண்ணு இல்லியா? காது இல்லியா? இனிமே ஒரு பூ வெக்க மாட்டேன், போ!" என்று அழுதுகொண்டே ஏசினேன்.

தண்ணீர் வயிற்றுக்கு ஏறியது. பூட்டு கண்ணுக்கு மறைந்தது. இனி அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனாலும் கையை எடுக்க மனம் வரவில்லை. தண்ணீருக்குள்ளேயே திருகிக்கொண்டிருந்தேன்.

விரலில் வழுவழுவென்று ஏதோ பட்டது. பூட்டு கொஞ்சம் அசைந்தது. மறுபடி திருகினேன். முழுசாகத் திரும்பிவிட்டது! பட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விட, அவன் என் மேலேயே சரிந்தான். பஸ்ஸிலிருந்து வந்தவர்கள் ஜன்னல் வழியே அவனை இழுத்துக் கரையில் போட்டார்கள். அவன் சட்டையெல்லாம் மஞ்சளாகச் சந்தனம் வழிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தனத்தைக் கரைத்தது அந்தத் தண்ணீர்தான்.

விஷயம் கேட்டு அந்த அம்மா ஓடி வந்து, "நான் வெச்ச பொட்டாலயா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. பக்தியோடு வைத்த பொட்டுதானே. "விடுங்கம்மா, நீங்க வெச்சத முருகன் கரைச்சிட்டான்" என்று கட்டிப் பிடித்துக்கொண்டேன். இப்போது எங்கள் ஷெட்டில் பொட்டு முன் கண்ணாடிக்கு மட்டும்தான். ஒவ்வொரு சீட்டிலும் பட்டை அறுக்கிற பிளேடு ஒன்றையும் வைத்துத் தருகிறோம். பாபு வழக்கம்போல என்னோடு மல்லுக்கு நிற்கிறான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது. பூ வைக்க மாட்டேன் என்று சொன்ன வாயாலேயே மன்னிப்புக் கேட்டு, முருகனுக்குப் பால்குடம் எடுத்தேன்.

நான் கேட்டபடியே அவன் தண்ணீரைத் தொடையோடு நிறுத்தியிருந்தால், அடுத்தாற்போல் வண்டி புரண்டபோது என் தம்பி பூட்டோடு உள்ளேயே இருந்திருப்பான். ஆமாம், பாபுவைக் கரையில் போட்டுவிட்டு நாங்கள் மூச்சு வாங்கும்போதே அந்தச் சிவப்பு வண்டி தலைகீழாகப் புரண்டது.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, கூச்சப்படாமல் முருகனிடம் கேளுங்கள். அழுங்கள், என்னைப் போல ஏசக்கூடச் செய்யுங்கள், பொறுத்துக்கொள்வான். எப்படிச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.