கம்பி வேலிக்கு அடியில் போன விரால்

மளிகை லோரி ஓட்டி வரும் தம்பி அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு என் அருகில் வந்தான். "அண்ணே, உங்க பழைய தோட்டத்துல சூசை அண்ணன் போயிட்டாரு. இந்நேரம் எடுத்திருப்பாங்க" என்றான். கேட் பூட்டும் நேரம். லோரி அவசரமாகத் திரும்பிப் போனது. வெள்ளைக்காரன் போட்ட அவசரகால ஊரடங்கில் நான் எங்கே போவது? வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய குழியில் நான் ஒரு பிடி மண் போடவில்லை.

சூசையோடு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்களுக்கு அவரைத் தெரியும். கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். சம்சாரத்தையும் கைக்குழந்தையையும் ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சலில் பறிகொடுத்தவர். அதைப்பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. மாதத்துக்கு ஒருமுறை சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் சூசைக்குக் கோவில் பெரிய கால்வாய்தான்.

தூண்டில் போட்டால் சட்டிக்கு ஒரு மீன் எடுப்பார். மிச்சத்தைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். "நான் ஒருத்தன்தானே, எனக்கு எதுக்கு ரெண்டு?" என்பார். அரிசியை அளந்து கொடுத்த காலம் அது. என் சம்சாரம் பாக்கியத்துக்கு இது பொறுக்கவில்லை. "நீங்க தண்ணியில விடுறது எங்க சட்டியில விழுந்தா ஆகாதாண்ணே?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள். சூசை சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த ஞாயிறு எங்கள் வாசலில் இரண்டு கெளுத்தி கிடந்தன. அந்தக் கெளுத்தியைப் பாக்கியம் புளி விட்டு வைத்த குழம்பைப் பற்றித் தனியாகவே சொல்லலாம். லயம் முழுக்க மணத்தது. சூசைக்கும் ஒரு கிண்ணம் போனது. கழுவித் திருப்பிக் கொடுத்த கிண்ணத்தில் நாலு கொய்யாப் பழம் இருந்தது. அவர் அப்படித்தான்.

எங்கேயோ போய்விட்டேன். விராலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

விரால் குஞ்சு பொரித்தால் அவை சிவப்பாக ஒரே கும்பலாய்த் தண்ணீர்மேல் வரும். பெரிய மீன் அடியில் காவல் நிற்கும். அதன் கண்முன் தூண்டில் ஆடினால் பசியில்லாவிட்டாலும் பாய்ந்து கடிக்கும். பிடிக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கும்பலைத் தேடித்தான் போவார்கள். சூசை மட்டும் சிவப்பைக் கண்டால் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பார்ப்பார்.

ஒரு மழை நாளில் கலங்கல் தண்ணீரில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. முழங்கை நீளம் ஒரு விரால் மாட்டியது. உயிரோடு பால் வாளியில் போட்டுக் கேட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு பாக்கியம் வந்தாள். மதகுப் பக்கம் சிவப்பாகக் குஞ்சுகள் அலைமோதுகின்றன, தாயைக் காணோம், கெண்டைகள் பிடித்துத் தின்கின்றன என்றாள். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த சூசை அதைக் கீழே வைத்தார். வாளியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

அந்தக் காலத்துச் சட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று, ஒரு கவளம் சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. காவலுக்கு நின்றவன் சுங்கை செம்பிலாங் மீனவர் வீட்டு மலாய்ப் பையன். வாளிக்குள் எட்டிப் பார்த்தான். சாப்பாடு வெளியே போகாது என்று தலையை ஆட்டிவிட்டான். எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஓடிவந்தார்.

"உசுரோட இருக்கு மண்டோரே. சமைச்சாதானே சாப்பாடு?" என்றார் சூசை.

"காட்டுல இருக்கிறவன் சமைச்சுக்குவான். ஒரு மீனுக்காக உன்னைப் பிடிச்சுக் கப்பல் ஏத்திடுவாங்க லா. ஊருக்குப் போயி என்ன செய்வே?"

"அங்க எனக்கு யாரு இருக்கா?"

"அப்போ சும்மா வீட்டுக்குப் போ."

"இதுக்குப் புள்ளைங்க இருக்கு" என்றார் சூசை.

மண்டோர் வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டார். காவல் பையனுக்கு நான் அரைகுறை மலாயில் விஷயத்தைச் சொன்னேன். கேட்டை அவன் திறக்கவில்லை. லயத்துச் சாக்கடை வேலிக்கு அடியில் புகுந்து கால்வாயில் விழும் இடத்துக்கு நடந்தான். அங்கே கம்பியில் இலையும் சருகும் அடைத்திருந்தன. தண்ணீர் தேங்குகிறது என்று யாருக்கோ சொல்வதுபோல் முணுமுணுத்துக்கொண்டு, கழியால் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

சூசை வாளியைச் சரித்தார். மழைத்தண்ணீர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் மீன் சாப்பிட்டு வாரக்கணக்கான வீடுகள் இருந்தன. ஒருவரும் கையை நீட்டவில்லை. விரால் கம்பியிடம் ஒருகணம் நின்றது. பின் வாலை அடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

மறுநாள் வேலை முடிந்து மதகுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குஞ்சுகளிடம் சேர்ந்துவிட்டதா என்று கேட்டேன். "தண்ணி கலங்கலா இருக்கு. ஒண்ணும் தெரியல" என்றார். அன்றைக்கு அவர் வெறும் மிளகாயைச் சுட்டுச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டதைப் பாக்கியம் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

இப்போது பாக்கியமும் இல்லை. நானும் சட்டிக்கு ஒரு மீன் பிடிக்கும் ஆள்தான். தூண்டிலை வீசுமுன் தண்ணீர்மேல் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். சூசையிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

சேதி வந்த அன்று கேட்டைப் பூட்டிய பிறகு, இங்கே சாக்கடை வேலிக்கு வெளியே போகும் இடத்துக்கு நடந்தேன். கம்பியில் சருகு அடைத்திருந்தது. உட்கார்ந்து கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். தண்ணீர் அந்தப் பக்கம் போனது.