நானூறு கிலோவுக்குக் கீழே

லாரி டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சந்தேகம்'. முகத்துக்கு நேரேயே "சந்தேகம் அண்ணே" என்று கூப்பிடுவார்கள். அவரும் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு கம்பீரமாகத் திரும்பிப் பார்ப்பார்.

இருபத்திரண்டு வருஷமாக எடைமேடையில் வேலை. லாரி மேடையில் ஏறும், கண்ணாடி அறைக்குள்ளிருந்து இவர் பொத்தானை அழுத்துவார், சீட்டு வரும். பார்க்க எளிதுதான். ஆனால் சரக்கோடு வரும்போது டிரைவர் இருக்கைக்கு அடியில் நாலு பேரைப் படுக்கவைத்து வருபவன் உண்டு. சாக்கை நனைத்து வருபவன் உண்டு. கடவுளே லாரியில் வந்தாலும் "இறங்கி நில்லுங்க சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் இவர் எடைபோடுவார்.

ஊர் எடையெல்லாம் அளந்தவருக்குத் தன் எடை கண்ணில் படவில்லை. ஒரு மத்தியானம் மேடையில் லாரி நிற்க, இவர் நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று குறட்டை நின்றது. மூச்சும் நின்றது. டிரைவர் ஓடிவந்து உலுக்கியதில் திரும்பி வந்தது. இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன்தான் வழி என்றார் டாக்டர். தள்ளிப்போட்டால் ஏதோ ஒரு தூக்கத்தில் போன மூச்சு வராது. ஆபரேஷன் செலவைக் கேட்ட பிறகு ஒரு நிமிஷம் விழித்திருக்கும்போதே மூச்சு நின்றது. மிச்சமிருந்த ஒரே கதி இன்சூரன்ஸ்.

கம்பெனி கொடுத்த புத்தகம் எண்பது பக்கம். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

"பெரிய எழுத்துல இருக்கிறது நமக்கு. பொடி எழுத்துல இருக்கிறது அவங்களுக்கு" என்றார் மனைவியிடம்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்தப் பொடி எழுத்து அகப்பட்டது. அவர் உயரத்துக்கு எடை நூற்றிருபது கிலோவாவது இருக்க வேண்டும். அதோடு ஆறு மாசம் பத்தியம் இருந்து, மாசாமாசம் கம்பெனியின் கிளினிக்கில் எடை பார்க்க வேண்டும். எடை நூற்றிருபதுக்குக் கீழே இறங்கினால் ஆபரேஷன் தேவையில்லாதவர். ஏறினால் ஒத்துழைக்காதவர்.

"இளைச்சாலும் கிடையாது, பெருத்தாலும் கிடையாதா? இது எலிப்பொறி. ரெண்டு பக்கமும் கதவு வச்சிருக்கான்!"

"பொறி இருக்கட்டும். முதல்ல பிஸ்கட் டப்பாவ விட்டுக் கையை எடுங்க" என்றாள் மனைவி. அந்த வீட்டில் சந்தேகம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. டப்பாவைப் பூட்டி, சாவியைத் தாலி மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

முதல் மாசம் கிளினிக் தராசு நூற்றிருபத்துநான்கு காட்டியது. ஆறாம் மாசம் நூற்றிருபத்தொன்று. நர்ஸ் சிரித்தாள். "எல்லாம் சரியா இருக்கு சார். கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

இங்கேதான் நம்மாளுக்கு நாக்கில் சனி. ஆறு மாசம் பட்டினி கிடந்தும் மூன்றே கிலோவா? அதுவும் கம்பெனிக்காரன் தராசில், எல்லாம் சரியாக இருக்கிறதா? எங்கேயோ இடித்தது. எடைமேடையிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்திருந்த, அரசு முத்திரை குத்திய இருபது கிலோ எடைக்கல்லை எடுத்தார்.

"சார், அது என்னது?"

"இதுவும் பேஷன்ட்தாம்மா. கொஞ்சம் எடை பாரு."

கல்லை வைத்தார். தராசு இருபதரை காட்டியது.

"பாத்தியா! இருபதுக்கு அரைக் கிலோ கூட ஓடுது. அப்ப நூத்திருபத்தொண்ணுக்கு மூணு கிலோ கூட. நான் நூத்திப்பதினெட்டுதான்!" என்று வெற்றியோடு திரும்பினார். கூட வந்திருந்த மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தராசு அவருக்கு ஆதரவாகப் பொய் சொல்லியிருக்கிறது. அதையும் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

நர்ஸ் மெல்லக் கேட்டாள். "எத எழுதட்டும் சார்?"

இருபத்திரண்டு வருஷமாக எத்தனையோ டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிக் கெஞ்சிய கேள்வி. அவர்களுக்குச் சொன்ன பதிலைத்தான் சொன்னார். "இருக்கிறத எழுதும்மா."

ஒரே வாரத்தில் கடிதம் வந்தது. தாங்களே நிரூபித்தபடி தங்கள் எடை நூற்றுப்பதினெட்டு, ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. ஆட்சேபம் இருந்தால், அரசு முத்திரை பெற்ற எந்தத் தராசிலிருந்தும் முப்பது நாளுக்குள் எடைச்சீட்டு அனுப்பலாம்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு மனைவி எடைமேடைக்கு வந்தாள். லாரி எதுவும் இல்லை. வெறும் மேடையின் நடுவில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார் மனுஷன்.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க?"

"உள்ள போயி அந்தப் பச்சை எழுத்து என்ன காட்டுதுன்னு சொல்லு."

அவள் கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். "நூத்திருபது!"

"அதுக்கு இருபது இருபதாத்தான் எண்ணத் தெரியும். நூத்திப்பதினெட்டு அது கண்ணுக்குத் தெரியாது."

"இதுல அரசு முத்திரை இருக்கா?"

"போன மாசம்தான் புதுசாக் குத்துனாங்க."

அவள் பொத்தானை அழுத்திவிட்டாள். சீட்டு வந்தது.

"அடியே, அது லாரிக்கான சீட்டு!"

"நீங்க விடுற குறட்டைக்கு லாரின்னு சொன்னா யாரும் இல்லேங்க மாட்டாங்க. ராத்திரி பூரா நான் தனியா உக்காந்து உங்க மூச்ச எண்ணி எண்ணி எனக்கு மூச்சு முட்டுது. அனுப்புங்க."

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாச் சீட்டிலும் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி அச்சாகியிருக்கும்: 'நானூறு கிலோவுக்குக் குறைந்த எடைக்கு இச்சீட்டு செல்லாது.' அதன்மேல் விரல் வைத்து யோசித்தார்.

"நாம மறைக்கல. கீழ தெளிவா அச்சடிச்சிருக்கு" என்று தனக்குத்தானே தீர்ப்பு வழங்கி, உறையில் போட்டு ஒட்டினார். ஒரு கிலோ கூடவோ குறையவோ அவர் வாயால் சொல்லவில்லை. வண்டி எண் என்ற இடத்தைக்கூட நேர்மையாகக் காலியாக விட்டிருந்தார்.

நாலாம் நாள் பதில் வந்தது. முத்திரை சரிபார்க்கப்பட்டது, ஆபரேஷனுக்கு அனுமதி, இணைப்பிலுள்ள படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும்.

மனைவிக்குக் கண் கலங்கியது. கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவரோ கடிதத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நாலே நாளில் அனுமதியா? மறுகேள்வி இல்லாமல்? அடியில் இருந்த வரியை ஒருத்தர்கூடப் படிக்கவில்லையா? பொடி எழுத்தையே விற்றுப் பிழைக்கிறவன் பொடி எழுத்தைப் படிக்காமல் விடுவானா?

"பேனா இந்தாங்க."

"இரு. இதுல ஒரு நிபந்தனையும் காணோம்."

"இல்லேன்னா நல்லதுதானே?"

"அதான்டி உதைக்குது" என்றவர், பூதக்கண்ணாடியைத் தேடி எழுந்தார். படிவத்தை அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து முடிக்க, மனைவி ஒவ்வொரு பக்கத்திலும் அவர் விரலைப் பேனாவோடு சேர்த்துப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டே வந்தாள்.